வாப்பாவின் முகம் வழிப்பது எப்படி

மகன்,

ஸலாம் சொல்லாமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்கு வராது. சொல்லிவிட்டேன். சொன்ன முகம் சிரித்த முகம் இல்லை, அதையும் தெரிந்துகொள். வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதில் உனக்கு நிக்காஹ். அன்று காலையில், மாப்பிள்ளை உடுப்பைத் தொடுவதற்கு முன்னால், நீ மருதமுனைக்கு, நம் வீட்டுக்கு வந்து உன் வாப்பாவின் முகத்தை அவருடைய சவரக் கத்தியாலேயே வழித்துவிட வேண்டும். பிறகு அவரை உன்னோடு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது, ஏன் நீ செய்ய வேண்டும் என்பது. இத்தனை நாளும் வழித்தவள் நான்தானே, இப்போது மட்டும் உனக்கு ஏன் என்று கேட்பாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நடுவில் இருப்பதை நீ வாசிக்கமாட்டாய். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் "உம்மா, மீட்டிங்கில இரிக்கன், பொறகு எடுக்கன்" என்று வைத்துவிடுவாய். இதை வாசித்துவிட்டு உன் கொழும்பு அறையில் ஒளித்து வைக்காதே. உன்னைக் கலியாணம் முடிக்கப் போகிறவளுக்கும் காட்டு. ஊரே வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

எனக்கு அருவருப்புக் கூடுதல் என்பது உனக்குத் தெரியாததல்ல. மற்றவர்கள் மீனை ஒரு தரம் அலசினால் நான் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசுவேன். அடுத்தவர் வாய் வைத்த கோப்பையைக் கழுவாமல் தொடமாட்டேன். கலியாண வீடுகளில் ஒரு சஹன் தட்டைச் சுற்றிக் குந்தி எல்லாரும் கை வைத்துப் பிசைந்து சாப்பிடும்போது, மற்றவளின் விரலில் இருந்து ஆணம் என் பக்கத்துச் சோற்றில் சொட்டினால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. சின்ன வகுப்புப் படிப்பித்த காலம் முழுக்க, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் ஓங்காளித்தவள் நான். இப்படிப்பட்டவளின் தலையில் அல்லாஹ் எதைப் போட்டான் பார், வாயால் வீணி வடிகிற ஒரு மனிசனின் முகத்தை. ஆகவே உனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று என்னிடம் வந்து சொல்லாதே. உனக்கு இருப்பதைவிட எனக்கு இரண்டு மடங்கு இருக்கிறது.

பாரிசவாதம் வந்து வாப்பாவின் வலப்பக்கம் விழுந்து பேச்சும் நின்ற பிறகு, நீ ஒரு சலூன்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். அந்த மனிசன் கொண்டுவந்த பிரஷ்ஷை நீ பார்த்தாயோ தெரியாது, நான் பார்த்தேன். யார் யாருடையதோ மயிர் சவுக்காரத்தோடு சேர்ந்து அதன் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த துவாய் நனைந்த நாயைப்போல மணத்தது. நான் சொல்ல வாயெடுக்க, நீ "சும்மா இரிங்க உம்மா, மனிசன் கோவிச்சிருவாரு" என்றாய். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நல்லவர், சிரித்துக் கதைத்துக்கொண்டே வழித்துவிட்டுப் போனார். சில நாளில் வாப்பாவின் தாடையிலும் கழுத்திலும் சீழ் வைத்த பொக்களங்கள். சீனி வருத்தக்காரருக்கு இது ஆறாது என்று டொக்டர் என்னைத்தான் ஏசினார். ஒவ்வொன்றாய்ப் பஞ்சால் ஒற்றி மருந்து போட்டேன். மஞ்சளோடு வந்த அந்தப் பஞ்சுகளை, சீ, வளவின் மூலையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அதன் பிறகு உன் முறை. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரேசரையும் நுரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாய். முகத்தை நனைக்கவும் இல்லை, நுரையை ஊற விடவும் இல்லை, கழுத்தில் கீழிருந்து மேலே அமத்தி இழுத்தாய். வாப்பா கண்ணை இறுக்கி மூடினார். வாயின் வலது கடையால் வீணி வடிந்து உன் மணிக்கட்டில் விழுந்தது. நீ ரேசரை எறிந்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாய். அதற்காக நான் உன்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை, தேசிக்காய் பிழிந்து தண்ணீர் தந்தேன். சத்தி எடுக்கிறதில் குற்றமில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வராமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாயே, பாதி வழித்த முகத்தோடு அவரைக் கதிரையில் விட்டுவிட்டு, அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு. பின்னேரம் வந்து "தாடி சுன்னத்துத்தானே உம்மா, அப்படியே உட்டிருங்க" என்றாய். நபிவழியான சுன்னத்து உனக்கு ஞாபகம் வந்த நேரத்தைப் பார். விருப்பத்தோடு தாடி வைக்கிறவரை நான் மதிக்கிறேன், ஆனால் உன் வாப்பா அதை வைக்கவில்லை. நீயும் கன்னத்தில் பென்சிலால் கோடு கீறியதைப்போல ஒன்றை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னாய். உன் பஞ்சிக்கும் சோம்பலுக்கும் மார்க்கத்தைப் போர்த்திவிட்டாய்.

சரி என்று விட்டுப் பார்த்தேன். தாடி வளர்ந்தது, அதற்குள் வீணியும் தேங்காய்ப்பால் கஞ்சியும் போய்க் காய்ந்தது. எத்தனை தரம் துடைத்தாலும் மயிரின் அடியில் ஈரம் நின்று தோல் வெந்து, உலராத துணியின் புளித்த வாடை வரத் தொடங்கியது. ஒருநாள் காலையில் தேத்தண்ணியோடு போனேன். தலையணையில் இருந்து எறும்புகள் வரிசையாக ஏறித் தாடிக்குள் போய்க்கொண்டிருந்தன. உன் வாப்பாவால் கூப்பிட முடியாது. வழங்குகிற ஒரே கையான இடக்கையால் சொறிந்து சொறிந்து தோலை உரித்து வைத்திருந்தார். நகத்துக்குள் இரத்தம், இரத்தத்தில் எறும்பு. நான் கோப்பையை வைத்துவிட்டுப் போய்க் குசினிக்குள் ஓங்காளித்தேன், வாயைக் கழுவினேன், திரும்பி வந்து அலுமாரியைத் திறந்து அவருடைய கத்தியை எடுத்தேன்.

ஏன் அந்தக் கத்தி என்று கேட்பாய். உன் பிளாஸ்டிக் சாமானில் மூன்று அலகு இருக்கிறது. முதலாவது மயிரை இழுக்கும், அடுத்தது வெட்டும், மயிர் தோலுக்குள் போய்ச் சுருண்டு வளர்ந்து பொக்களமாகும். வீணியும் நுரையும் அலகுகளுக்கு இடையில் புகுந்து அடைத்துக்கொண்டால் கழுவி எடுக்கவே முடியாது. இந்தக் கத்திக்கு ஒரே அலகு, வழித்தால் துடைத்துவிடலாம், ஊத்தை தங்க இடமில்லை. கல்முனையில் துணிக்கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காலையும் இதனால்தான் அவர் வழித்தார். மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதென்றாலும் வழித்துவிட்டுத்தான் போவார். வழிக்காத முகத்தோடு நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அவர் போனதே இல்லை.

கத்தியில் இருந்து தொடங்கு. நம் வீட்டுக்கு வருகிற கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. வழித்து முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசித் துணியில் சுற்றாவிட்டால் அடுத்த நாளே அலகில் செம்மை பிடிக்கும். துருப்பிடித்த கத்தி வழிக்காது, சுரண்டும். வழிப்பதற்கு முன்னால் தோல் வாரில் தீட்ட வேண்டும். கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் இழுபட வேண்டும். நான் முதல் நாள் மறுபக்கமாய்த் தீட்டி வாரையும் வெட்டினேன், கூரையும் கெடுத்தேன். அந்த மொட்டைக் கத்தியால் வழித்து அவர் கன்னம் உரிந்ததைப்போல ஆயிற்று. கூர் இல்லாத கத்தியைத்தான் ஆட்கள் அமத்துவார்கள், அமத்தினால்தான் எரிவு. நல்ல கத்திக்கு அதன் பாரமே போதும்.

இனி முகம். முதலில் அவருடைய வாய்க்குள் விரலை விட வேண்டும். முகத்தைச் சுளிக்காதே, வாசி. வலக்கன்னம் உணர்ச்சியில்லாதது, சாப்பிட்ட சோறு அதற்குள் போய் ஒதுங்கிக் கிடக்கும். விரலில் துணியைச் சுற்றி அதை வழித்து எடு. சில நேரம் முந்திய நாள் இரவுச் சோறாக இருக்கும், வாடையைச் சொல்லத் தேவையில்லை. எடுக்காமல் வழித்தால் கன்னம் மேடு பள்ளமாக நின்று கத்தி வெட்டும். பிறகு வீணியைத் துடை, துடைத்த லேஞ்சித் துணியை அவருடைய வாய்க்கடையில் அணைத்து வை. இல்லாவிட்டால் வீணி இறங்கி நுரையைக் கரைக்கும், நுரை கரைந்த இடத்தில் கத்தி தட்டும். பிறகு சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை முகத்தில் போட்டு, மயிர் இளகுகிற வரைக்கும் பொறு. சூட்டை உன் கையில் பார்த்துவிட்டுப் போடு, வலப்பக்கம் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. சவுக்காரத்தைக் கோப்பையில் பிரஷ்ஷால் அடித்துக் கெட்டி நுரையாக்கி, வட்டமாய்ச் சுழற்றிப் பூசு, மயிர் எழும்பி நிற்க வேண்டும். இடக்கையால் தோலைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடி. தோல் தொங்கினால் கத்தி மடிப்புக்குள் இறங்கும். அலகைத் தட்டையாகப் படுக்கவும் விடாதே, நிமிர்த்தவும் விடாதே. கத்தியின் முதுகுக்கும் கன்னத்துக்கும் இடையில் சின்ன விரல் போகிற அளவு இடைவெளி விட்டு, மயிர் சாய்கிற பக்கமே, கட்டை கட்டையாய், சின்னச் சின்ன இழுப்பாய் இழு. கன்னத்தில் மயிர் கீழே பார்க்கும். கழுத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும், முதலில் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள். நீ உன் கழுத்தில் அதைப் பார்ப்பதில்லை, மொழுமொழு என்று வர வேண்டுமென்று மேல்நோக்கி இழுக்கிறாய், அதனால்தான் உன் சட்டைக் கொலரில் எப்போதும் இரத்தப் பொட்டு. உன் சட்டையைத் தோய்க்கும்போதெல்லாம் எனக்கு அதுவும் ஓர் அரியண்டம். ஒரு தரம் போன இடத்தில் நுரை இல்லாமல் இரண்டாந்தரம் போகாதே. கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

முடிந்ததும் பச்சைத் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்று, தேய்க்காதே. படிகாரக் கல்லை நனைத்து மெல்லமாய் ஒரு தரம் தடவிக் கழுவிவிடு. அதோடு நிறுத்து. நான் ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்தவில்லை. ஜும்ஆவுக்குப் போக முடியாத மனிசன், வாசமாவது இருக்கட்டும் என்று, வழித்த கையோடு அத்தரை எடுத்து இரண்டு கன்னத்திலும் தடவினேன். இடக்கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. பூரிப்பில் அழுகிறார் என்று நினைத்து, அறிவுகெட்டவள், இன்னும் கொஞ்சம் தடவினேன். பின்னேரம் முகம் முழுக்கத் தடித்துச் சிவந்து பொரிந்துபோயிற்று. அத்தரை உடுப்பில் பூசு. வழித்த தோலுக்குத் தண்ணீர் போதும்.

இப்படித்தான் இரண்டு நாளைக்கு ஒருமுறை அவரை வழித்துவந்தேன். பழகப் பழக அருவருப்புப் போய்விடும், பாசம் இருந்தால் ஒன்றும் தெரியாது என்று வந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பொய். எனக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கன்னத்துச் சோற்றை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். கத்தியைத் துடைக்கிற துணியில் நரைத்த மயிரும் நுரையும் வீணியும் சேர்ந்து இழுபடும்போது அந்தப் பக்கம் பார்க்காமல்தான் துடைக்கிறேன். போன மாதம் மருமகளாக வரப்போகிறவள் தன் உம்மாவோடு பார்க்க வந்தபோது வாப்பா அவள் முன்னால் இருமி, சளி நாடியில் வந்து நின்றது. அவள் மூக்கைச் சுளித்தாள், நான் கண்டேன். ஆனால் கதிரையைப் பின்னால் நகர்த்தவில்லை. நான் துடைத்து முடிகிற வரைக்கும் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் சுளித்ததால்தான் எனக்கு அவளைப் பிடித்தது, நடிக்கிற பிள்ளை இல்லை. அருவருப்புப் போகட்டும், பிறகு செய்கிறேன் என்று நீ காத்திருக்கிறாய் என்றால் அது நடக்காது, மகன். அது இருக்க இருக்கத்தான் செய்ய வேண்டும்.

இனி, ஏன் நான் வழிக்கவில்லை என்பது. போன முறை நீ வந்து நின்றபோது முற்றத்தில் உன் மச்சானாகப் போகிற, பெண்ணின் நானாவோடு போனில் கதைத்தாய். நான் யன்னலுக்கு உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். "இல்ல மச்சான், வாப்பாவ மண்டபத்துக்குக் கொண்டு வரல்ல. சஹன் வெச்சிச் சாப்பிடுற இடத்தில வீணி வடிச்சிட்டு இரிந்தா ஆக்களுக்கு அரியண்டமா இரிக்கும். அவர் ஊட்டயே இரிக்கட்டும். அவருக்கு என்ன விளங்கப் போகுது" என்றாய். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது, நீ ஏன் நம் வீட்டில் இருந்து மாப்பிள்ளையாகப் புறப்படாமல் கல்முனையில் கூட்டாளியின் வீட்டில் தங்கி உடுத்துக்கொண்டு போகப் போகிறாய் என்று. இடம் காணாது என்று எனக்குச் சொன்னாய். இடமா காணாது? சஹனில் அவரை இருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. வீட்டில் கஞ்சி கொடுத்து, வாய் கழுவி, மடியில் லேஞ்சி போட்டுக் கொண்டுவருவேன். நிக்காஹ்வின் காவின் பதிவில் நீ கையெழுத்துப் போடுகிற நேரம் உன் பக்கத்துக் கதிரையில் அவர் இருக்க வேண்டும். ஆட்கள் சாப்பிட எழும்பும்போது நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இதை உன் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். கேட்கப் போனால் அந்த வீணியைவிட உன் மேல் எனக்குக் கூடுதல் அருவருப்பாக இருந்தது, உடுப்பை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

ஆனால் அந்த யன்னலுக்குள்ளே நான் மட்டும் இருக்கவில்லை. வாப்பாவின் கட்டில் எங்கே கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். வருத்தம் அவருடைய நாக்கைத்தான் எடுத்தது, காதை எடுக்கவில்லை. நீ கதைத்து முடிகிற வரைக்கும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அடுத்த நாள் நான் வழக்கம்போலச் சுடுதண்ணீரும் கத்தியும் கொண்டுபோனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்புக்கு ஏலாமல் இருக்கிறதாக்கும் என்று விட்டேன். மறுநாளும் திருப்பினார். "மகன்ட நிக்காஹ்வுக்குப் போகணுமே, முகத்தத் தாங்க" என்றேன். இடக்கையைத் தூக்கி என் கையைத் தள்ளினார், கோபமாய் அல்ல, மெதுவாய்த் தள்ளினார். இதுவரை சோற்றை எடுக்கவும் வீணியைத் துடைக்கவும் குழந்தையைப்போல முகத்தைத் தந்த மனிசன் இப்போது கத்தியைக் கண்டால் மட்டும் சுவரைப் பார்க்கிறார். இது அமத்திப் பிடித்து வழிக்கிற கத்தி அல்ல, தலையைத் திருப்பினால் தொண்டையில் போய் நிற்கும். தோல் திரும்பவும் வேகத் தொடங்கிவிட்டது, நேற்று நாடிக்குக் கீழே சொறிந்த புண் கண்டேன். ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குப் பிடிபட இத்தனை நாள் எடுத்தது. வழிக்காத முகத்தோடு அவர் ஒரு சபைக்கும் போகாதவர். வெள்ளிக்கிழமை நாலு பேர் "மாப்பிள்ளட வாப்பா எங்க" என்று கேட்டால், நான் "அவருக்குப் போக விருப்பமில்ல, முகம் வழிக்கவும் விடுறாரில்ல" என்று சொல்லலாம். உன்னை ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். அதற்காகத்தான் அந்தப் புண்ணோடு கிடக்கிறார்.

நான் கேட்டுத் தோற்றுவிட்டேன். இனி நீதான் கேட்க வேண்டும். சத்தி வந்தால் கிணற்றடிக்குப் போய் எடுத்துவிட்டுத் திரும்பி வா. இந்த முறை திரும்பி வா. அவர் அந்தத் தாடியை உனக்காகத்தான் வளர்க்கிறார், மகன். வந்து வழித்துவிடு.

உம்மா